ஆசிரியருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? எம்.ஐ.டி. வழக்கு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2018 மே 7 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2009 ஜூன் 2 அன்று தற்கொலை செய்துகொண்ட 25 வயது பிஎச்.டி. மாணவர் ஒருவரின் தந்தை தொடுத்த வழக்கு அது. எம்.ஐ.டி. என்கிற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அங்கே அவருக்கு வழிகாட்டிய இரண்டு பேராசிரியர்கள், மாணவர் நலனைக் கவனித்த ஒரு டீன் ஆகியோர் எதிர்த்தரப்பு. அவர்கள் யாரும் இந்த மரணத்துக்குச் சட்டப்படி பொறுப்பல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தீர்ப்பில் எல்லார் பெயரும் இருக்கிறது. நான் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை, இந்தக் கட்டுரைக்கு அது தேவையுமில்லை.

கல்லூரி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புகளில் மாணவரின் அந்தரங்கம் ஒரு நாள், மாணவருக்கு உதவி ஒரு நாள், பாடத்தின் எதிர்பார்ப்புகளும் மதிப்பெண் விதிகளும் இன்னொரு நாள் என்று தனித்தனியாகச் சொல்லித் தருகிறார்கள். இந்த வழக்கில் மூன்றும் ஒரே மாணவரிடத்தில், ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டன. அதனால்தான் ஆசிரியராக இருக்கும் யாரும் இதை ஒரு முறையாவது முழுசாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நடந்தது என்ன

அந்த மாணவர் எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் மார்க்கெட்டிங் துறையில் ஆராய்ச்சி செய்ய 2006ல் சேர்ந்தார். முதல் வருடத்திலேயே தேர்வுகளில் தடுமாற்றம். 2007ல் பிஎச்.டி. பிரிவின் ஒருங்கிணைப்பாளரிடம் போய், தேர்வு எழுதும்போது சிக்கல் வருகிறது, உதவி வேண்டும் என்று அவராகவே கேட்டார். அவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மனநலப் பிரிவு, அப்புறம் டீன் அலுவலகம். நீண்ட காலமாக மனச்சோர்வு இருப்பதையும், எம்.ஐ.டி.யில் சேர்வதற்கு முன்பே இரண்டு முறை தற்கொலைக்கு முயன்றதையும் மனநலப் பிரிவில் சொன்னார். வெளியே தனியார் மருத்துவர்களிடம் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றார். தன் மனநலம் வேறு, தன் தேர்வுச் சிக்கல் வேறு, இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. நிறுவனம் தர முன்வந்த உதவிகளை அவர் ஏற்கவில்லை.

இதைப் படிக்கும்போது 'ஏன்பா, உதவி கிடைக்கும்போது வாங்கிக்கொண்டிருக்கலாமே' என்று தோன்றும். அவர் இடத்தில் நின்று பார்த்தால் புரிகிறது. நாளைக்குத் தன் ஆய்வேட்டுக்குக் கையெழுத்துப் போடவும், வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதவும் வேண்டிய அதே நான்கைந்து பேர், தன்னை ஒரு நோயாளியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்களோ என்ற பயம் ஆராய்ச்சி மாணவர்களிடையே புதிதல்ல. சிறிய துறைகளில் அது இன்னும் அதிகம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பேராசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தேர்வு பயம், தூக்கமின்மை, தன்னம்பிக்கை இழப்பு எல்லாம் அவர்கள் பார்வைக்கு வந்தன. தகுதித் தேர்வு தள்ளிப் போனது. தேர்வு முடிவைத் துறைக்குள் விவாதித்தபோது, இவரைத் தேறவிடாமல் போனால் நம் கையில் ரத்தக்கறை படியக்கூடும் என்ற பொருளில் வழிகாட்டிகளில் ஒருவர் சக பேராசிரியர்களிடம் பேசியது பின்னாளில் வழக்கில் முக்கிய ஆதாரமாக வைக்கப்பட்டது. மாணவரைத் தேறியதாக அறிவித்தார்கள். கோடைக்காலத்தில் ஓர் ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கும் ஏற்பாடு ஆனது.

அந்த வேலை தொடர்பாக மாணவர் எழுதிய ஒரு மெயில் முறையற்றதாகப் பட்டது. ஜூன் 2 அன்று வழிகாட்டி அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கடுமையாகக் கண்டித்தார். பேச்சு முடிந்த சில நிமிடங்களில் மாணவர் உயிரை விட்டார்.

அந்தத் தொலைபேசி அழைப்புதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. வெளியே சிகிச்சை தந்த மருத்துவர்களே உடனடி ஆபத்து இருப்பதாகப் பதியவில்லை. ஆனால் ஆசிரியராக இருக்கிற யாருக்கும் இந்த இடத்தைத் தாண்டிப் போவது சுலபமில்லை. மாணவரின் மோசமான ஒரு மெயிலைப் பார்த்துக் கோபத்தோடு உடனே போனை எடுத்தது நம்மில் எத்தனை பேர்?

நீதிமன்றம் கோடு கிழித்த இடம்

கல்லூரி பெற்றோரின் இடத்தில் இல்லை, மாணவர்கள் வயது வந்தவர்கள், அவர்களுடைய சுதந்திரத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்பதிலிருந்து தீர்ப்பு தொடங்குகிறது. அதற்காக ஒரு பொறுப்பும் இல்லை என்று கைகழுவவும் இல்லை. மாணவர் படிக்கும் காலத்திலோ, சேர்வதற்குச் சற்று முன்போ தற்கொலைக்கு முயன்றது கல்லூரிக்கு நிஜமாகவே தெரிந்திருந்தால், அல்லது தற்கொலை செய்துகொள்ளப்போகிறேன் என்ற திட்டத்தையோ எண்ணத்தையோ அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை கல்லூரிக்கு உண்டு. தடுப்பு நெறிமுறை இருந்தால் அதைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் உதவக்கூடிய அதிகாரம் உள்ளவர்களிடம் சொல்ல வேண்டும். மாணவர் சிகிச்சையை மறுத்தால் அவர் அவசரத் தொடர்பாகக் கொடுத்திருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த மாணவரின் முந்தைய முயற்சிகள் சேர்வதற்கு ஒரு வருடத்துக்கும் முன்னால் நடந்தவை. எம்.ஐ.டி.யில் யாரிடமும் அவர் அப்படி ஒரு திட்டத்தைச் சொல்லவில்லை. வளாக விடுதியில் தினமும் நாலு பேர் பார்க்கும்படி வாழ்ந்தவரும் அல்ல. ஆகவே கடமை எழவில்லை என்பது முடிவு. மருத்துவப் பயிற்சி இல்லாத ஆசிரியர்கள், சொல்லப்படாத எண்ணத்தை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதையும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இதே நிறுவனத்தில் 2000ல் ஒரு மாணவி இறந்ததைத் தொடர்ந்து நடந்த வழக்கு வேறு பாதையில் போனது. அங்கே நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும் அவர் நிலைமை நன்றாகத் தெரிந்திருந்தது, அதனால் விசாரணைக்குப் போகலாம் என்று 2005ல் கீழ் நீதிமன்றம் அனுமதித்தது. 2006ல் அது சமரசத்தில் முடிந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சட்டம் கேட்பது ஒரே கேள்வி என்று தெரியும்: உனக்கு என்ன தெரியும்?

இதைக் கேட்டதும் ஒரு தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அப்படியென்றால் தெரியாமலே இருந்துவிட்டால் நல்லதுதானே, கேட்காமல் இருப்போம், கதவைச் சாத்திக்கொள்வோம் என்று. சில ஆசிரியர்கள் இதை வெளிப்படையாகவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. நீதிமன்றம் வரைந்தது நஷ்டஈட்டுக்கான கோடு. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான கோடு அதற்கு வெகுதூரம் முன்னாலேயே இருக்கிறது.

அந்தரங்கச் சட்டம் வாயைக் கட்டுகிறதா

அமெரிக்கக் கல்லூரிகளில் எதற்கெடுத்தாலும் 'ஃபெர்பா' என்பார்கள். 1974ல் வந்த கல்விப் பதிவுகள் சட்டம். மாணவருக்கு 18 வயது ஆனாலோ, அல்லது அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ, பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவர் கைக்குப் போய்விடும். மார்க், வருகைப் பதிவு, ஒழுங்கு நடவடிக்கை எதையும் மாணவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வெளியாருக்குத் தரக் கூடாது. அப்பா போன் செய்து 'பையன் எப்படிப் படிக்கிறான்' என்று கேட்டால்கூட. வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராக மாணவர் காட்டப்பட்டிருந்தால் கல்லூரி பெற்றோருக்குத் தகவல் தரலாம், தந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இந்தச் சட்டத்தை வைத்துத் தனிநபர் வழக்குப் போட முடியாது என்று 2002ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் சட்டம் பல்லில்லாதது என்று ஆகிவிடாது, மீறினால் கல்லூரி மத்திய அரசின் நிதியை இழக்க நேரிடலாம்.

அன்றாட மீறல்கள் எல்லாம் சின்னச் சின்னதாக நடப்பவை. திருத்திய தாள்களை அறைக்கு வெளியே மேசையில் குவித்து, அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களைப் போட்டு மார்க் பட்டியலைக் கதவில் ஒட்டுவது. முழு வகுப்பின் எக்செல் கோப்பையும் ஒரு மாணவருக்குத் தவறி மெயில் செய்வது. பரிந்துரைக் கடிதத்தில் மாணவரிடம் கேட்காமல் அவர் மார்க்கைக் குறிப்பிடுவது. செய்பவருக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. கடைசி மார்க் வாங்கிய மாணவருக்கு அப்படியில்லை.

ஆனால் ஆசிரியர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை. இந்தச் சட்டம் பாதுகாப்பது பதிவுகளை. நீங்கள் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சட்டம் பூட்டி வைக்கவில்லை. மூன்று வாரமாக ஒரு மாணவர் வகுப்பில் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருக்கிறார், பேசும்போது குரல் உடைகிறது என்பதை டீனிடமோ ஆலோசனை மையத்திடமோ சொல்ல எந்தத் தடையும் இல்லை. பதிவுகளையே எடுத்துக்கொண்டாலும், கல்லூரிக்குள் அதைப் பார்க்க வேண்டிய நியாயமான கல்விக் காரணம் உள்ள அதிகாரிக்குச் சம்மதமின்றியே காட்டலாம். உடல்நலத்துக்கோ உயிருக்கோ அவசர ஆபத்து என்றால் வெளியிலும் சொல்லலாம்.

2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு மாநில அரசு அமைத்த ஆய்வுக் குழு இதைத்தான் கண்டது. ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் அவன் எழுத்தையும் நடத்தையையும் பார்த்துக் கவலைப்பட்டு மேலே சொல்லியும் இருந்தார்கள். விடுதிக்கு ஒரு துண்டு தெரியும், போலீசுக்கு ஒரு துண்டு தெரியும், ஆலோசனை மையத்துக்கு ஒரு துண்டு தெரியும். சட்டம் அனுமதிக்காது என்ற தவறான எண்ணத்தில் துண்டுகளை யாரும் சேர்த்து வைக்கவில்லை. 2008 டிசம்பரில் ஃபெர்பாவின் விதிகளைத் திருத்தி, அவசரநிலையில் கல்லூரிகள் தகவலைப் பகிர்வதற்கு முன்பைவிட அதிக இடம் கொடுத்தார்கள். எம்.ஐ.டி. மாணவர் இறந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து.

ஆகவே, ரத்தக்கறை என்ற சொல் ஒரு மாணவரை நினைத்து என் மனதில் தோன்றுமானால், அந்தக் கவலை சக ஆசிரியர்களோடு நின்றுபோகக் கூடாது. மார்க்கைப் பற்றிய முடிவாக மட்டும் அது மாறிவிடவும் கூடாது. அன்றைக்கே ஒரு மெயில் போக வேண்டும். அதில் நோயின் பெயரை யூகிக்கத் தேவையில்லை. 'இன்ன தேதியில் என் அறையில் இதைப் பார்த்தேன், இந்த வார்த்தையைச் சொன்னார், முன்பு இப்படி இருந்ததில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது, என்ன செய்யலாம்' என்று நாலு வரி போதும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் மெயில் எதற்கு, அவசர எண்ணை அழைக்க வேண்டும், ஆள் வரும்வரை கூடவே இருக்க வேண்டும். அப்புறம், மாணவரிடம் நேரடியாகக் கேட்கலாம். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் ஆதாரமற்றது, மனநலத் துறையில் இருப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் மாணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று ஓர் ஆசிரியர் வாக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் ஒன்று அதை மீற வேண்டிவரும், இல்லை காப்பாற்றிவிட்டு வாழ்நாள் முழுவதும் வருந்த வேண்டிவரும்.

சொல்லாமலே கிடைக்கும் உதவி

இந்த வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தீர்ப்பு அல்ல, அந்த மாணவர் உதவியை மறுத்த இடம். 1973ன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504வது பிரிவும், 1990ன் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வகுத்த முறை ஒரு வகையில் அழகானது. மாணவர் தன் மருத்துவ ஆவணங்களைச் சேவை அலுவலகத்தில் மட்டும் காட்டுவார். ஆசிரியருக்கு வரும் கடிதத்தில் நோயின் பெயர் இருக்காது, தேர்வுக்கு ஒன்றரை மடங்கு நேரம், தனி அறை என்று செய்ய வேண்டியது மட்டும் இருக்கும். ஏன் என்று கேட்க ஆசிரியருக்கு உரிமையில்லை. ஆனாலும் அந்தக் கடிதமே ஒரு செய்தி. இவருக்கு ஏதோ இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. அந்த 'ஏதோ'வைக்கூடத் தன் துறை அறியக் கூடாது என்று நினைக்கிற மாணவருக்கு இந்த வாசல் திறந்திருந்தும் மூடியதுதான். கடிதம் வராததால் பேராசிரியர்களுக்கு வழிகாட்டுதலும் கிடைப்பதில்லை, தங்கள் மனசாட்சிப்படி ஏதாவது செய்கிறார்கள். தேர்வைத் தள்ளிப்போடுவது, தேறவிடுவதா என்று மூடிய அறைக்குள் விவாதிப்பது எல்லாம் நல்லெண்ணத்தில் நடப்பவைதான். ஆனால் தேறியது தகுதியாலா இரக்கத்தாலா என்று ஒரு மாணவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அந்தத் தேர்ச்சி அவருக்கு எந்தத் தெம்பையும் தராது.

என் அனுபவத்தில் ஒன்று. பல வருடங்கள் நான் தாமதமாக வரும் ஒப்படைப்புக்குக் காரணம் கேட்பவனாக இருந்தேன். காரணம் நியாயமாக இருந்தால் அவகாசம் தருவேன், அது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கையில் ஒரு மாணவியிடம் ஏன் தாமதம் என்று கேட்டேன். அவர் இரண்டு நொடி மற்றவர்களைப் பார்த்தார், பிறகு தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். நான் கேட்டிருக்கக் கூடாத, அங்கே நின்ற யாருமே கேட்டிருக்கக் கூடாத விஷயம். மூன்று நாள் அவகாசத்துக்கு அவர் கொடுத்த விலை அது. அவர் அதற்குப் பிறகு மீதி செமஸ்டர் முழுவதும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அடுத்த செமஸ்டரில் என் பாடத்திட்டத் தாளை மாற்றி எழுதினேன். எல்லாருக்கும் ஐந்து தாமத நாட்கள், ஒரே தடவையாகவோ பிரித்தோ எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம், சொன்னாலும் கேட்கமாட்டேன். ஆறு சிறுதேர்வுகளில் குறைந்த மார்க் எடுத்த ஒன்று தானாகக் கழிந்துவிடும். ஐந்து நாளுக்கு மேல் தேவைப்பட்டால் என்னிடம் வர வேண்டியதில்லை, மாணவர் நல அலுவலகத்துக்குப் போனால் போதும், அவர்கள் எனக்குத் தேதியை மட்டும் அனுப்புவார்கள். இதையெல்லாம் முதல் வகுப்பிலேயே வாசித்துக் காட்டுகிறேன். மதிப்பெண் எதற்கு எத்தனை, வருகை எப்படிக் கணக்காகும், என்ன செய்தால் நகலெடுத்ததாகும், மெயிலுக்கு நான் எத்தனை நாளில் பதில் சொல்வேன் எல்லாமே எழுத்தில் இருக்கிறது, நடுவில் எதையும் மாற்றுவதில்லை.

தரம் குறைந்துவிடும் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, கட்டுரைகளை முன்பு போலவே கறாராகத்தான் திருத்துகிறேன். உண்மையில் எதிர்பார்ப்பு தெளிவாக எழுத்தில் இருக்கும்போது கறாராக இருப்பது சுலபமாகிறது, ஒவ்வொருவரின் கதையையும் கேட்டு எது நிஜம் எது பொய் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை இல்லாமல் போகிறது. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவருக்கு அவகாசம், வாய் திறக்கக் கூச்சப்படுபவருக்குப் பூஜ்யம் என்ற அநியாயமும் ஓரளவு குறைகிறது.

முறையற்ற மெயில் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பதில் இல்லை. மறுநாள் பகலில், நேரில், கதவு திறந்திருக்க, மெயிலின் பிரதியை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவது. முதலில் 'என்ன ஆயிற்று' என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது. கண்டிக்க வேண்டியதைக் கண்டித்தே ஆகவேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாத ஒரு தொலைபேசியில் அதைச் செய்வதை விட்டுவிட்டேன்.

பிஎச்.டி. தகுதித் தேர்வுக்கு இந்தத் தாமத நாள் கணக்கு உதவாது, அது வேறு மாதிரியானது. அங்கே துறைகள் முன்கூட்டியே எழுதி வைக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. எழுத்துத் தேர்வா, வாய்மொழியா, வீட்டிலிருந்து ஒரு வாரத்தில் எழுதித் தரும் ஆய்வுக் கட்டுரையா என்று மாணவரே தேர்ந்தெடுக்கலாம், ஒரு முறை தள்ளிப்போடலாம், ஒரு முறை திரும்ப எழுதலாம், எதற்கும் காரணம் கேட்கப்படாது என்று. 2007ல் அந்த மாணவர் ஒருங்கிணைப்பாளரிடம் போய்க் கேட்டது தேர்வுக்கான உதவியை மட்டும்தான்.